ஜெபமும் வேண்டும்... மாத்திரையும் வேண்டும்!

"டாக்டர், சபையில எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியிருக்காங்க. இனிமேலும் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தா அது அவிசுவாசம் ஆயிடாதா?"

கடுமையான நோயாளியை வீட்டில் வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தக் கேள்வி வாய்விட்டோ, மனசுக்குள்ளேயோ எழத்தான் செய்கிறது. நன்றாகப் படித்தவர்களும் கேட்கிறார்கள். 'கேன்சர்', 'கிட்னி' என்ற வார்த்தை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் எந்தப் படிப்பும் துணைக்கு வருவதில்லை.

ஜெபம் செய்யாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மனசில் பிடிமானம் உள்ள நோயாளி நாலு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார், கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவார். வைத்தியருக்கு அது பெரிய உதவி.

ஆனால், மருந்தை நிறுத்துவதுதான் விசுவாசம் என்பதை ஏற்க முடியாது. வேதாகமத்தையே புரட்டிப் பாருங்கள். சாகும் தருவாயில் எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார். ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கிடைத்தது. அப்படியிருந்தும், அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி. பற்று என்பது எங்கள் சித்த வைத்தியத்திலும் ஒரு புறமருந்து! அடிபட்டுக் கிடந்தவனின் காயத்துக்கு நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். சத்திரத்தில் சேர்த்துச் செலவுக்குக் காசும் கொடுத்தான். சுவிசேஷம் எழுதிய லூக்காவே ஒரு வைத்தியர்தானே!

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்சுலினை மட்டுமே நம்பியிருக்கும் சர்க்கரை நோயாளிக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு விடாமல் தொடரலாம். காசநோயில் இரண்டு மாதத்திலேயே இருமல் அடங்கிவிடும். சுகமாகிவிட்டது என்று சாட்சி சொல்லிவிட்டு மருந்தை நிறுத்தினால், அடுத்த தடவை அதே மருந்து கேட்காமல் போகலாம். 'பச்சிலை ஆரம்பிச்சாச்சே, இன்சுலினை விட்டுடலாமா' என்று வருகிறவர்களுக்கும் என் பதில் இதேதான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நோய் குணமாகாவிட்டால், "உனக்கு விசுவாசம் பத்தலை" என்று நோயாளியையே குற்றவாளி ஆக்குவது. தன் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டினார். அது நீங்கவில்லை. அவருக்கா விசுவாசம் குறைவு? வலியோடு படுத்திருப்பவர் தலையில் இந்தப் பாரத்தையும் ஏற்றாதீர்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 'சாமியார் எண்ணெய் பூச வந்தாலே முடிவு நெருங்கிடுச்சு' என்று பயந்து, நினைவு தப்பும்வரை தள்ளிப்போடுகிறார்கள். பழைய 'அவஸ்தைபூசுதல்' என்ற பெயர் உண்டாக்கிய பயம் அது. இன்று அதற்கு நோயில்பூசுதல் என்றுதான் பெயர். நோய் கடுமையானாலே கொடுக்கலாம். அதேபோல, தவக்கால ஒருசந்தியிலிருந்து நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் மயக்கம் போட்டு விழ நேரிடும்.

நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று மருத்துவத்துக்கு நாலு கால் வைத்தார் வள்ளுவர். இந்த நாலாவது கால்தான் நீங்கள். ராத்திரி கண்விழித்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, எரிச்சலையும் பொறுத்துக்கொள்ள எங்கிருந்தோ பலம் வரவேண்டும். ஜெபம் அந்தப் பலத்தைத் தருமென்றால் தாராளமாக ஜெபியுங்கள்.

ஜெபிக்க வருபவர்களிடமும் உரிமையோடு உதவி கேளுங்கள். ஒருத்தர் ஒரு ராத்திரி துணைக்குப் படுக்கட்டும். இன்னொருத்தர் ஆஸ்பத்திரிக்குக் கூட வரட்டும். எந்த மருந்தைக் குறைப்பதானாலும் அதை எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்டே செய்யுங்கள். ஜெபம் முடிந்து 'ஆமென்' சொன்ன கையோடு, எட்டு மணி மாத்திரையையும் எடுத்துக் கொடுங்கள்!