இருளைத் தொழிலாகக் கொண்டவை

இருள் என்றால் அறியாமை, இருள் என்றால் தீமை என்று எழுதியெழுதி நம் மொழி பழகிவிட்டது. பக்திப் பாடல் முதல் மேடைப்பேச்சு வரை இருள் அகற்றப்பட வேண்டிய ஒன்றாகவே வருகிறது. இவ்வுவமையை நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவற்றுள் இரவில் வேட்டையாடும் சிலந்திகளும் அடங்கும்.

சிலந்தி எனில் வலை பின்னிக் காத்திருப்பது என்பதே நம் மனத்திலுள்ள சித்திரம். அமெரிக்கக் கண்டத்தின் போலாஸ் சிலந்தியோ அவ்வாறு வலை பின்னுவதில்லை. வளர்ந்த பெண் சிலந்தி, ஓர் இழையின் நுனியில் பசையுருண்டை ஒன்றைக் காலில் ஏந்தித் தொங்குகிறது. பெண் அந்துப்பூச்சி தன் இணையை அழைக்கப் பரப்பும் மணத்தைப் போன்றதொரு மணத்தைத் தானும் பரப்புகிறது. நம்பி வரும் ஆண் அந்தின்மீது உருண்டையை வீசுகிறது. சாதாரண வலையில் பட்ட அந்து சிறகின் செதில்களை உதிர்த்துத் தப்பிவிடும். இப்பசையோ செதில்களுக்கு அடியிலும் ஊடுருவிப் பற்றும். இச்சிலந்திகளுள் ஓரினம் முன்னிரவில் பறக்கும் அந்துக்கு ஏற்ற மணத்தை, இரவு முதிர்ந்ததும் குறைத்துக்கொள்கிறது என்று கென்னத் ஹேய்ன்ஸும் சகாக்களும் 2002இல் காட்டினர். அப்போது வேறோர் அந்து பறக்கும் நேரம்.

ஆஸ்திரேலியாவின் வலைவீசும் சிலந்தி, முன்கால்களுக்கிடையே சிறுவலையை விரித்துப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கி, கீழே நடக்கும் பூச்சியின்மேல் அதைப் போர்த்துகிறது. அதன் பெருங்கண்களில் ஒளியை உணரும் படலம் ஒவ்வொரு மாலையும் புதிதாக உருவாகி, விடியலில் அழிக்கப்படுகிறது. ஏ. டி. பிளெஸ்ட் 1978இல் இதை விவரித்தார். இருளுக்கென்றே அன்றாடம் ஒரு கண்!

விளக்கடியில் பூச்சிகள் மொய்ப்பதால் சிலந்திக்கு லாபம்தானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மையே. வியன்னாவில் பாலத்து விளக்குகளருகே வலை கட்டும் சிலந்திகளுக்கு இரை மிகுதி என 1999இல் வெளியான ஆய்வு கூறியது. ஆனால் 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, இரவுவிளக்கின் கீழ் வளர்க்கப்பட்ட ஆஸ்திரேலியத் தோட்டச் சிலந்திகள் விரைவாகவும் சிறிய உருவிலும் முதிர்ந்தன, அவற்றின் இறப்பும் கூடியது என்கிறது. வாசலில் விருந்து வைத்து ஆயுளைக் குறைப்பதை லாபம் என்று கொள்ள இயலுமா?

விளக்கே வேண்டாம் என்பதன்று நம் வாதம். இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெருவிளக்கு அவசியம். ஆளில்லாத விளம்பரப் பலகைக்கும், வானை நோக்கி எரியும் அலங்கார விளக்குக்கும் அந்த அவசியம் இல்லை. விளக்கின் ஒளியைத் தரையோடு நிறுத்தும் மூடி, தேவை தீர்ந்ததும் அணைக்கும் வழக்கம் ஆகிய இரண்டும் எளியவை. எழுதுகிறவர்களாகிய நாம் இன்னொன்றும் செய்யலாம். அடுத்த முறை தீமைக்கு உவமையாக இருள் பேனாவில் வந்து நிற்கும்போது, அங்கே பிழைப்பு நடத்தும் உயிர்களை நினைத்து வேறு சொல் தேடலாம்.