முன்வரிசை நாற்காலிகள்

“இந்தச் சனங்களுக்கு அரசியலில் அக்கறையே கிடையாது” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானது. மத்திய சென்னையிலோ சுமார் 54 சதவீதம்தான். வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள் நிறைந்த மாவட்டம்தான் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது. அக்கறை நிறையவே இருக்கிறது. வாக்குச்சாவடியை விட்டு வெளியே வந்தபின் அதற்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் அதன் உறுப்பினர்கள். நான் போயிருந்த கூட்டத்தில் பள்ளிக்கூட வளாகத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் நிலக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும். பின்னால் வெறுந்தரையில் நூறு நாள் வேலைப் பெண்கள். குறைவெண் வரம்பு நிரம்ப வேண்டும் என்று அழைத்து வரப்பட்டவர்கள். ஊராட்சிச் செயலர் வரவு செலவு வாசித்தார். மைக் இரைச்சலில் ஒரு தொகையும் காதில் விழவில்லை. அதற்குள் கையெழுத்துக்குப் பதிவேடு சுற்றி வந்துவிட்டது. ஒரு பெண் எழுந்து, “காலனிப் பக்கம் லைட்டு எரியாம ரெண்டு மாசமாச்சுங்க” என்றார். “அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், உக்காரும்மா” என்றார் முன்வரிசையில் ஒருவர். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவர் நடவுக்குப் போக வேண்டியது அந்த மனிதரின் வயலுக்கு.

இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வேலை கொடுப்பவரும் அவசரத்துக்குக் கடன் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கும் ஊரில், வாய் திறந்தால் என்ன விலை என்று அந்த அம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும். நூறு நாள் வேலை செய்த பெரிய காரியமே இந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியதுதான்: கூலி ஊருக்கு வெளியிலிருந்து, வங்கிக் கணக்குக்கு வந்தது.

இட ஒதுக்கீடு தலித்துகளுக்கு ஊராட்சித் தலைவர் பதவியைக் கொடுத்தது. நாற்காலி தானாக வரவில்லை. மேலவளவு ஊராட்சியில் 1997-இல் தலித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. தேர்தலே நடக்கவில்லை, நடந்தால் வென்றவர் உடனே ராஜினாமா. 2006-இல்தான் அரசு முனைந்து நின்று நடத்தியது. அது பழைய கதையும் அல்ல. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. 2022-இல், தலித் தலைவர்கள் சுதந்திர நாளில் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

ஆகவே விழிப்புணர்வு முகாம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது வேறு. அடுத்த கிராம சபையைக் காலனியில் கூட்டுங்கள். எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவானது என்பதை முதல் நாளே பலகையில் எழுதி வையுங்கள். எல்லாருக்கும் நாற்காலி இல்லையென்றால் எல்லாருக்கும் ஜமுக்காளம் விரியுங்கள். ஒப்பந்தக்காரரும் அதிலேயே உட்காரட்டும்.