‘உயர்ந்தது’ என்னும் வினைமுற்றும் தில்லியின் மின்கட்டணமும்

தமிழில் ‘உயர்’ என்றொரு வினை உண்டு. ‘உயர்த்து’ என்பது அதன் இணை. விலை உயர்ந்தது, விலையை உயர்த்தினர். மரபிலக்கணம் இவற்றைத் தன்வினை, பிறவினை என்னும். கு. பரமசிவம் இவ்விணைகளை நுணுகி ஆராய்ந்து, எழுவாய் வினையின் விளைவுக்கு உட்படுகிறதா, விளைவை நிகழ்த்துகிறதா என்பதே வேறுபாட்டின் அடிப்படை என்று காட்டினார். இந்தப் பாகுபாட்டால் வகுப்பறைக்கு வெளியே என்ன பயன் என்று வினவும் நண்பர்களுக்கு நான் இப்போதெல்லாம் தில்லியின் மின்கட்டண பில்லைச் சுட்டுகிறேன்.

தில்லியில் வீட்டு மின்சாரத்தின் விலையை ‘உயர்த்தியவர்’ எவரும் இல்லை. தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021 செப்டம்பர் இறுதியில் வெளியிட்ட கட்டண ஆணைப்படி முதல் 200 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 200 யூனிட்டுக்கு 4.50 ரூபாய், அதற்கு மேல் 800 வரை 6.50 ரூபாய். 2019ஆம் ஆண்டு ஆணையிலும் இப்படிகளுக்கு இதே விகிதங்கள்தாம். 2021க்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் புதிய கட்டண ஆணையே வரவில்லை. ஆகவே ‘கட்டணம் உயர்த்தப்படவில்லை’ என்று ஆட்சியிலிருப்போர் கூறினால் அது சொல்லளவில் மெய். ஆனால் அதே காலத்தில் அதே யூனிட்டுகளுக்கு மக்கள் செலுத்திய தொகை கூடிக்கொண்டே வந்தது. உயர்த்தாமலே உயர்ந்தது. தன்வினையின் வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும்.

பில்லைப் பிரித்துப் படித்தால் இந்த மாயம் எங்கே நிகழ்கிறது என்பது புலப்படும். யூனிட் விலைக்குக் கீழே நிலைக்கட்டணம் வருகிறது. பெயர்தான் நிலை. 2018இல் அது செங்குத்தாக ஏறி, 2019இல் மீண்டும் இறங்கியது. அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கொண்டு அது கணக்கிடப்படுவதால், கோடையில் உங்கள் உச்சத் தேவை சில மாதங்கள் தொடர்ந்து கூடினால் மின்பளுவை நிறுவனமே திருத்தி உயர்த்தலாம். நிலைக்கட்டணமும் உடன் ஏறும். அடுத்து, பற்றாக்குறையை ஈடுகட்ட 8 விழுக்காடு மேல்கட்டணம். அதன்பின் பழைய தில்லி மின்வாரிய ஊழியர்களின் ஓய்வூதிய அறக்கட்டளைக்கான மேல்கட்டணம். இது 3.8 விழுக்காட்டிலிருந்து 2020இல் 5 ஆகவும், 2021இல் 7 ஆகவும் ஆயிற்று. இறுதியில் 5 விழுக்காடு மின்சார வரி. இவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதுதான் பி.பி.ஏ.சி. எனப்படும் மின் கொள்முதல் விலைச் சீராக்கக் கட்டணம். யூனிட் கட்டணம், நிலைக்கட்டணம் இரண்டின் மீதும் விழுக்காடாக விதிக்கப்படும் இது, காலாண்டுக்குக் காலாண்டு மாறுவது. நகரின் எப்பகுதியில் வசிக்கிறீர்கள், எந்த நிறுவனம் உங்களுக்கு மின்சாரம் வழங்குகிறது என்பதைப் பொறுத்தும் மாறுவது.

‘சீராக்கம்’ என்னும் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். வினையைப் பெயராக்கும்போது தமிழில் காலமும் இடமும் பாலும் உதிர்ந்துவிடுகின்றன. ‘சீராக்கினார்’ என்றால் யார் என்று கேட்கலாம். ‘சீராக்கினோம்’ என்றால் பொறுப்பேற்க வேண்டும். ‘சீராக்கம்’ என்றால் கேட்பதற்கு ஆளில்லை. ஆட்சிமொழி எங்கும் இதைச் செய்வதே என்று கடந்து போய்விடலாம். நானும் இதைச் சொல்விளையாட்டாக விட்டிருப்பேன், சட்டத்திலும் இதே பிளவு இல்லாதிருந்தால்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி ஒரு விநியோக நிறுவனம் கட்டணத்தை மாற்றக் கோரினால் அந்த மனுவைச் சுருக்கமாகப் பொதுவெளியில் வெளியிட வேண்டும்; மக்களின் கருத்துகளையும் மறுப்புகளையும் ஆணையம் பரிசீலிக்க வேண்டும்; 120 நாட்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். உயர்த்துதல் என்னும் பிறவினைக்கு இத்தனை சடங்குகள் உண்டு. ஆனால் 2022 டிசம்பரில் மத்திய அரசு திருத்திய மின்சார விதிகள், எரிபொருள் மற்றும் கொள்முதல் விலை வேறுபாட்டை மாதந்தோறும் தானாகவே நுகர்வோரிடம் கடத்த வழிசெய்தன. இங்கே ‘தானாகவே’ என்பது வெறும் வினையடை அன்று. பொதுமக்கள் எழுந்து நின்று கேள்வி கேட்கும் ஒரு மண்டபத்தின் கதவு அந்த ஒற்றைச் சொல்லால் சாத்தப்படுகிறது. கணக்கைப் பின்னர் ஆணையம் சரிபார்க்கும் என்பது உண்மையே. ஆயினும் பணம் முன்பே போய்விடுகிறது.

இதைவிட நுட்பமான சொல் ‘ஒழுங்குமுறைச் சொத்து’. ஒரு நிறுவனத்துக்கு ஓராண்டில் ஆகும் செலவுக்கு ஈடான கட்டணத்தை ஆணையம் அனுமதிக்காமல், ‘பிறகு வசூலித்துக்கொள்’ என்று ஏட்டில் எழுதி வைப்பது. அரசியல் காரணங்களால் கட்டணத்தை ஏற்ற மனமில்லாத ஆண்டுகளில் இது வசதியான வழி. நிறுவனத்தின் ஏட்டில் அது சொத்து. அதைத் தீர்க்க வேண்டிய நமக்கோ கடன், வட்டியோடு கூடிய கடன். யாருடைய பார்வையிலிருந்து பெயரிடப்பட்டது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. தில்லியின் மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து இத்தொகை 27,200 கோடி ரூபாயை எட்டியிருந்தது. 2025 ஆகஸ்டு 6 அன்று உச்ச நீதிமன்றம், இந்த நிலுவைகளைக் கால வரம்புக்குள் தீர்க்க வேண்டும் என்றும், இப்படிச் சேரவிட்டது ஒழுங்குமுறையின் தோல்வி என்றும் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தில்லிக்கு மட்டுமானதன்று. தமிழ்நாடு உட்பட எல்லா மாநில ஆணையங்களையும் கட்டுப்படுத்துவது. எனவே வரும் ஆண்டுகளில் இக்கடன் ஏதேனும் ஒரு பெயரில் பில்களில் இறங்கும், அல்லது மானியமாக அரசுக் கருவூலத்தின் மேல் ஏறும். பத்து ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் வாழ்ந்தவர் பயன்படுத்திய மின்சாரத்துக்கு, நேற்று ரயிலிறங்கிய மாணவி பணம் கட்டுவாள்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். செலவு மெய்யானது. 2022 கோடையில் அனல்மின் நிலையங்கள் இறக்குமதி நிலக்கரியைக் கலந்து எரிக்க அறிவுறுத்தப்பட்டபோது உற்பத்திச் செலவு கூடியதை எந்த இலக்கண ஆராய்ச்சியாலும் குறைக்க இயலாது. நுகர்வும் பெருகியிருக்கிறது: 2024 ஜூன் 19 அன்று தில்லியின் உச்ச மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. இரவிலும் வெப்பம் தணியாத ஊரில் ஏ.சி.யை ஆடம்பரம் என்பவர் மே மாதத்து மொட்டைமாடி அறையில் ஓர் இரவு படுத்துப் பார்க்கலாம். 2002 ஜூலையில் விநியோகம் தனியார் கூட்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது பாதியளவு மின்சாரம் இழப்பிலும் திருட்டிலும் போயிற்று. இன்று அவ்விழப்பு பத்து விழுக்காட்டுக்கும் கீழ். இந்தச் சாதனையை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஆகவே விலையே ஏறக்கூடாது என்று நான் வாதிடவில்லை. ஏற்றுகிறவர் பிறவினையில் பேச வேண்டும் என்கிறேன். இன்ன செலவு இன்ன காரணத்தால் கூடியது, இத்தனை ரூபாய் உயர்த்துகிறோம், மறுப்பிருந்தால் இன்ன நாளில் வந்து சொல்லுங்கள் என்று.

அப்படிச் சொன்னாலும் அதைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறதா? இங்கேதான் நம்மைப் போன்றோரின் கதை தொடங்குகிறது. முனீர்க்கா, கட்வாரியா சராய், பேர் சராய், வடக்கே விஜய் நகர், முகர்ஜி நகர் எனப் பல்கலைக்கழகங்களைச் சுற்றிய பகுதிகளில் வாடகைக்கு இருப்போரில் பலருக்கு பில் என்ற ஒன்றே கிடையாது. வீட்டு உரிமையாளரின் பெயரில் ஒரு மீட்டர். ஒவ்வோர் அறைக்கும் ஒரு சப் மீட்டர். மாதத் தொடக்கத்தில் யாரோ ஒருவர் வந்து எண்ணைப் பார்த்துவிட்டு, ‘ஒன்பது ரூபாய் கணக்கு’ என்பார். சில தெருக்களில் எட்டு, சிலவற்றில் பத்து. ஏன் ஒன்பது என்று என் உரிமையாளரிடம் நானும் வினவியதுண்டு. ‘பில் ஜ்யாதா ஆ ரஹா ஹை’ என்றார். பில் அதிகமாக வருகிறதாம். இந்தியிலும் அது வருவதுதான், விருந்தாளியைப்போல, மழையைப்போல. (மின்சாரத்துக்கு நாம் ‘கரண்ட்’ என்றும் அவர்கள் ‘லைட்’ என்றும் சொல்கிறோம், ஆனால் இரண்டு மொழியிலும் போவதும் வருவதும் அதன் சொந்த விருப்பம்.)

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கட்டடத்தில் மூன்று அறைகள். ஒவ்வொன்றும் மாதம் 150 யூனிட் பயன்படுத்துகின்றன என்று கொள்வோம். தனித்தனி இணைப்பு இருந்திருந்தால், 2019 ஆகஸ்டு முதல் நடப்பிலுள்ள 200 யூனிட் வரையிலான முழு மானியத்தால் மூவருக்கும் பில் சுழியம். ஒரே மீட்டராக இருப்பதால் மொத்தம் 450 யூனிட். மானிய வரம்பான 400ஐ அது தாண்டிவிட்டது. யூனிட் கட்டணம் 600, 900, 325 ஆகச் சேர்ந்து 1,825 ரூபாய். மூன்று கிலோவாட் மின்பளுவுக்கு நிலைக்கட்டணம் 150. இரு மேல்கட்டணங்களும் வரியும் சேர்ந்தால் சுமார் 2,370. இதன்மேல் அக்காலாண்டின் பி.பி.ஏ.சி.; அது 25 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 2,900க்குள் அடங்கும். ஆனால் ஒன்பது ரூபாய்க் கணக்கில் மூவரும் தருவது 4,050. சட்டப்படி சுழியம் கட்டியிருக்க வேண்டியவர் 1,350 ரூபாய் கட்டுகிறார். உதவித்தொகைத் தேர்வில் தேறாத முனைவர் பட்ட மாணவருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்கள் தரும் மாதத்தொகை 8,000 ரூபாய். அதில் ஆறில் ஒரு பங்கு இது. அடுத்த அறையில் இருப்பவர் உணவு விநியோகம் செய்யும் இளைஞர் என்றால் அவருக்கு அந்த 8,000கூட உறுதியில்லை.

வீட்டு உரிமையாளரை வில்லனாக்குவது எளிது. அவரும் மேல்நிலைப் படிகளின் விலையையும் மாறிக்கொண்டேயிருக்கும் விழுக்காடுகளையும் பார்த்துவிட்டு, பாதுகாப்பாக ஓர் உருண்டை எண்ணைப் பிடித்துக்கொள்கிறார். ஒருமுறை ஏறிய அந்த எண் மட்டும் பி.பி.ஏ.சி. இறங்கும் காலாண்டிலும் இறங்குவதில்லை.

வாடகைதாரர்க்கென முன்பணம் செலுத்தும் மீட்டர் தரும் திட்டத்தைத் தில்லி அரசு 2019இல் அறிவித்தது. வாடகை ஒப்பந்தமோ ரசீதோ இருந்தால் போதும், உரிமையாளரின் இசைவு வேண்டியதில்லை என்றார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் ஒப்பந்தமும் ரசீதும் தருகிற உரிமையாளர் எத்தனை பேர்? வாய்மொழியாகவே பிடிக்கப்பட்ட அறையில், பதினோரு மாதத்துக்குள் வெளியேறச் சொல்வாரோ என்று அஞ்சி வாழ்பவர், அவருடைய சுவரில் தனி மீட்டர் பொருத்தச் சொல்லி விண்ணப்பிப்பாரா? எழுத்தில் இல்லாத ஓர் உறவுக்கு எழுத்துச் சான்று கேட்கும் திட்டம் அது.

என் பரிந்துரைகள் சிறியவை. ஒழுங்குமுறைச் சொத்தைத் தீர்ப்பதற்கான வழிமுறையை வகுக்கும்போது ஆணையம் வாடகைதாரரைத் தனிப் பிரிவாகக் கருத்தில் கொள்ள வேண்டும். சப் மீட்டரில் வசூலிக்கத்தக்க உச்ச விலையை ஆணையிலேயே குறிப்பிட வேண்டும். தனி இணைப்புக்கு மாணவரிடம் பல்கலைக்கழகத்தின் வசிப்பிடச் சான்றும், தொழிலாளரிடம் ஆதார் முகவரித் திருத்தத்துக்கு ஏற்கப்படும் ஏதேனும் ஆவணமும் போதுமானதாக ஏற்கப்பட வேண்டும். பி.பி.ஏ.சி. மாறும் ஒவ்வொரு முறையும், எந்த மின்நிலையத்திலிருந்து என்ன விலைக்கு வாங்கியதால் மாறியது என்பதை பில்லின் பின்பக்கத்தில் எளிய இந்தியில், எழுவாயோடு கூடிய முழு வாக்கியங்களில் அச்சிட வேண்டும். மொழியியல் துறைகள் இதை எழுதித் தர முன்வந்தால் ஆணையம் மறுக்காது என்றே நம்புகிறேன். பொருளியல் படிக்கும் நண்பர்கள் கணக்கைச் சரிபார்க்கட்டும்.

அடுத்த கருத்துக்கேட்பு அறிவிக்கப்படும்போது நாம் வெறுங்கையோடு போகக்கூடாது. ஆகவே தில்லியில் வாடகைக்கு இருப்போர், அல்லது இருந்தோர், உங்கள் பகுதி, யூனிட்டுக்குத் தந்த விலை, எந்த ஆண்டு, தனி மீட்டரா சப் மீட்டரா என்னும் நான்கையும் கீழே எழுதுங்கள். உரிமையாளர் பெயரும் வீட்டெண்ணும் வேண்டாம். ஹைதராபாத், புனே, பெங்களூரு நண்பர்களும் எழுதலாம்; அவற்றைத் தனிப் பட்டியலாக வைக்கிறேன்.