கண்ணாடி வழியே வரும் வெயில்

பூச்சோங்கிலிருந்து ஒரு வாசகி சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். மகன் வளர்க்கும் ஆமை பத்து நாளாகச் சாப்பிடவில்லையாம். சல்காட்டா வகை, சஹாரா பாலைவனத்தின் தென் விளிம்பில் வாழும் தரை ஆமை. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கியது, இப்போது ஒன்றரை வயது. “ஓட்டை அமுக்கினா உள்ள போகுதுங்க ஐயா, பிளாஸ்டிக் டப்பா மாதிரி” என்றார்.

புதிதாகப் பொரித்த குட்டிக்கு ஓடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஒன்றரை வயதில் அப்படி இருக்கக் கூடாது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “பதினோராவது மாடி ஐயா. ஹால்ல, பால்கனி கண்ணாடிக் கதவு பக்கத்துல. காலையில நல்ல வெயில் விழும், அதுக்குத்தான் அங்க வெச்சோம்.”

கோளாறு அந்தக் கண்ணாடியில்தான். குளிர்நாடுகளில் ஆமை வளர்ப்பவர்களுக்குச் சூடுதான் பெரிய கவலை. நமக்குச் சூட்டுக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே, விளக்கெல்லாம் வெள்ளைக்காரன் செலவு, நமக்கு எதற்கு என்று இருந்துவிடுகிறோம். ஆனால் ஆமைக்கு வெயிலில் வேண்டியது சூடு மட்டுமல்ல. அதில் உள்ள ‘பி’ வகைப் புறஊதாக் கதிர், அதாவது யூவிபி, தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3-ஐத் தயாரிக்கும். டி3 இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேராது. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டையும் விடும், யூவிபியை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். அந்த அம்மாள் கணவாய் ஓடும் வாங்கிப் போட்டிருந்தார். பாவம், அது வயிற்றுக்குள் போனதோடு சரி.

“கடையில கேட்டு லைட்டும் வாங்கினோமே” என்றார். பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் யூவிஏ என்று போட்டிருந்தது. ‘ஏ’ வேறு, ‘பி’ வேறு. விற்றவருக்குத் தெரியாதா, தெரிந்தும் கொடுத்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். வாங்குமுன் பெட்டியில் யூவிபி என்ற எழுத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் அது வெறும் சூட்டு பல்பு.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு விளக்கு வேண்டும். ஒன்று யூவிபி தரும் டி5 குழாய் விளக்கு, 10 அல்லது 12 விழுக்காடு என்று குறித்தது. சுருள் வடிவச் சின்ன பல்பைவிட நீளமான குழாய் நல்லது, ஆமையின் முதுகு முழுவதும் கதிர் பரவும். பெரும்பாலான டி5 குழாய்களை ஓட்டுக்கு மேலே 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் வைப்பார்கள். சரியான தூரம் பெட்டியிலேயே இருக்கும், அதைப் பாருங்கள். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது. கம்பி வலை இருந்தாலும் கதிர் கணிசமாகக் குறையும்.

இன்னொன்று ஹாலோஜன் போன்ற சூட்டு பல்பு. வீட்டு எல்இடி இதற்கு உதவாது, அதில் சூடே இல்லை. பல்பைக் குழாய்க்குப் பக்கத்திலேயே, பெட்டியின் ஒரு கோடியில் மாட்டுங்கள். சூடும் கதிரும் ஒரே இடத்தில் விழ வேண்டும், வெயில் அப்படித்தானே விழுகிறது. இரண்டும் மேலிருந்துதான் வர வேண்டும், பக்கவாட்டில் வைத்தால் கண் கெடும். ஆமையின் முதுகு உயரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். பல்புக்கு அடியில் 35 முதல் 38 டிகிரி, மறு கோடியில் 28 டிகிரி வாக்கில் இருக்கட்டும். சூடு போதும் என்றால் ஆமை தானே நகர்ந்துவிடும், நகர இடம் இருந்தால். நம் ஊரில் கண்ணாடி மீன் தொட்டிக்குள் பல்பு மாட்டுவது ஆமையை அவிப்பதற்குச் சமம். அகலமான மரப்பெட்டி போதும்.

பல்பைச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள், கிளிப்பை நம்பாதீர்கள். காய்ந்த புல்லில் விழுந்தால் வீடே போய்விடும். காலை 7 மணிக்கு ஏற்றி மாலை 7 மணிக்கு அணைக்க ஒரு டைமர் வாங்குங்கள். இரவில் சிவப்பு விளக்கெல்லாம் வேண்டாம், அதற்கும் தூக்கம் வேண்டும். ஏர்கோன் போட்டுத் தூங்கும் அறை என்றாலோ, கேமரன் மலையில் வீடு என்றாலோ, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு, பீங்கான் ஹோல்டரில் மாட்டுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். சூடேறும் கல்லை மட்டும் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். என் ஆமையின் அடி ஓடு வெந்து, ஆறுவதற்கு மாதக்கணக்காயிற்று.

யூவிபி குழாயில் ஒரு சூது உண்டு. கதிர் தீர்ந்த பிறகும் அது பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். மாட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் அதன் ஓரத்தில் எழுதி, ஓராண்டில் மாற்றிவிடுங்கள்.

இத்தனை இருந்தாலும் நிஜ வெயிலுக்கு ஈடில்லை. காலை ஒன்பது மணி வாக்கில் கீழே புல்தரைக்குக் கொண்டுபோய், நிழலும் பக்கத்தில் இருக்கும்படி அரை மணி நேரம் விடுங்கள், கூடவே நில்லுங்கள். மழை மாதத்திலும் புகைமூட்டத்திலும் கைகொடுக்கத்தான் விளக்கு.

இதெல்லாம் நோய் வராமல் இருக்க. வந்துவிட்ட ஆமைக்கு விளக்கு மட்டும் மருந்தாகாது. அன்றே, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போகச் சொன்னேன். போனார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு மங்கலாகத் தெரிந்ததாம். ஊசி போட்டு, சுண்ணாம்பு மருந்தும் கொடுத்தார்கள். உரிமத் தாளையும் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பையன் வைத்திருந்தான், நல்ல பிள்ளை. புதிதாக வாங்குபவர்கள் பெர்ஹிலித்தானில் விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

போன வாரம் அந்த அம்மாள் மறுபடி அழைத்தார். ஆமை பாதி செம்பருத்திப் பூ தின்றதாம். ஓடு இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது, இறுக மாதங்கள் ஆகும். இது வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும், பதினோராவது மாடி தாங்காது, இப்போதே தோட்டம் உள்ள வீடு ஒன்று பாருங்கள் என்றேன். “மகன்கிட்ட நீங்களே சொல்லுங்க ஐயா” என்று போனைக் கொடுத்தார். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “டியூப்ல தேதி எழுதிட்டேன் அங்கிள்” என்றான்.