இல்லறப் பக்கம்: பாம்பு வளர்க்க விரும்பிய பிள்ளை



சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மைக் காண வந்தார். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். மற்றப் பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்கும் வயதில், இவன் பாம்பு வளர்க்க வேண்டுமென்று ஆறு மாதமாக அடம்பிடிக்கிறான். இது வெறும் விளையாட்டுப் புத்தி அன்று. பாம்புகளைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் படித்துக் குறிப்பேடு ஒன்றையே நிரப்பியிருக்கிறான். தந்தையாரின் மனம் இளகிவிட்டது. அறிமுகமான ஒருவர், "சாதுவான பாம்பு, கடிக்கவே கடிக்காது, வீட்டிற்குச் செல்வமும் சேரும்" என்று கூறி, ஓர் இருதலைப் பாம்பை விலைபேசி, முன்பணமும் பெற்றுச் சென்றுவிட்டாராம். "மீதியைக் கொடுத்து வாங்கிவிடலாமா, ஐயா?" என்பதே அன்பரின் வினா.

வேண்டாம் என்று ஒரே சொல்லில் கூறிவிட்டோம். ஆனால் பிள்ளையின் முகம் வாடியதைக் கண்டபோது, ஒரு சொல் அவனுடைய ஆர்வத்திற்கு விடையாகாது என்பதை உணர்ந்தோம். அன்று அவனிடம் கூறியதையே இங்கே விரித்து எழுதுகிறோம்.

இருதலைப் பாம்பு என்று நாமும், ‘எரடு தலெ ஹாவு’ என்று கன்னடத்து அண்டை வீட்டாரும் கூறுவது மண்ணுளிப் பாம்பையே. அதற்குத் தலை ஒன்றுதான். வால் மழுங்கியிருப்பதால் இருபுறமும் தலைபோல் தோன்றுகிறது. நஞ்சு இல்லை, குணமும் சாதுவே. அந்தச் சாதுத்தன்மையே அதற்குக் கேடாயிற்று. செல்வம் சேர்க்கும் என்ற மூடநம்பிக்கையால் அதனைப் பிடித்து, பெருந்தொகைக்கு மறைவாக விற்கிறார்கள். வாலும் தலைபோலத் தோன்றவேண்டுமென்று அதைச் சிதைப்பவரும் உண்டு. செல்வம் சேர்வது விற்பவனுக்கு மட்டுமே.

சட்டமும் இதனை ஒப்பவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மண்ணுளி, சாரை, நல்லபாம்பு, மலைப்பாம்பு முதலிய நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். அறியாமல் வாங்கினோம் என்று கூறித் தப்ப இயலாது. பிழைப்பை நாடி வேற்றூரில் வந்து வாழும் நமக்கு, வழக்கும் வம்பும் வாசற்படி ஏறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

"வெளிநாட்டுப் பாம்பை வளர்க்கிறார்களே!" என்றான் பிள்ளை. உண்மைதான். புதிதாக வளர்ப்போருக்கு ஏற்றவை என்று மேல்நாட்டார் இரண்டைக் குறிப்பிடுவர். ஒன்று அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக். மற்றொன்று ஆப்பிரிக்காவின் பால் பைத்தான். இரண்டுக்கும் நஞ்சில்லை. அச்சம் நேர்ந்தால் பின்னது பந்துபோல் சுருண்டு தலையை நடுவே மறைத்துக்கொள்ளும். பெயரும் அதனாலேயே வந்தது. வாங்குவோர் காட்டில் பிடித்ததை விடுத்து, வளர்ப்பகத்தில் பிறந்ததையே கொள்ளவேண்டும். கண் தெளிவாக இருக்கிறதா, மூச்சில் இரைச்சல் உண்டா, தோலில் உண்ணி இருக்கிறதா, ஒழுங்காக இரை எடுக்கிறதா என்று பார்க்கவேண்டும். பால் பைத்தானைப் போன்ற, உலக உடன்படிக்கையில் இடம்பெற்ற உயிரினங்களை வைத்திருப்போர், 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. கூண்டின் ஒருபுறம் சுமார் 32 பாகை வெப்பமும் மறுபுறம் சுமார் 26 பாகையும் இருக்கவேண்டும். மார்கழி மாதத்து மைசூர்க் குளிரில், மின்சாரம் நின்ற இரவில், விழித்திருப்பவர் யார்? இரையோ எலி. உறையவைத்த எலிகளை, நம் தாய்மார் மாவும் தயிரும் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதற்கு எத்தனை வீடுகளில் இடம் கிடைக்கும்? வாடகை வீட்டுக்காரர் அறிந்தால் என்ன கூறுவார்? இவற்றையெல்லாம்விடப் பெரியது காலம். பால் பைத்தான் 20 ஆண்டுகளுக்கு மேலும், 30 ஆண்டுகள் வரையிலும்கூட வாழக்கூடியது. பிள்ளை இன்னும் சில ஆண்டுகளில் கல்லூரிக்கு வெளியூர் செல்வான். பிறகு அந்த உயிர் யார் பொறுப்பு? வளர்க்க இயலாமல் ஏரிக்கரையில் விட்டுவிட்டால், அதற்கும் தீங்கு, ஊருக்கும் தீங்கு.

பாம்பை நன்கறிந்தவர்கள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதையும் அவனுக்குக் கூறினோம். நம் தமிழகத்து இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் தடம் அறிந்தவர்கள். பாம்புத்தோல் வாணிகம் தடைப்பட்டுப் பிழைப்பு இழந்த அவர்களுக்கு, ரோமுலஸ் விட்டேக்கர் துணைநிற்க, 1978-இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கினின்றும் நஞ்சு எடுக்கிறார்கள். அதைக் கொண்டே பாம்புக்கடி மருந்து செய்யப்படுகிறது. நஞ்சு எடுத்த பாம்புகளைச் சில வாரங்களில் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அக்குலத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் மைசூரிலும் ஸ்நேக் ஷ்யாம் என்று பெயர் பெற்றவர், பல்லாண்டுகளாக வீடுகளில் புகுந்த பாம்புகளைப் பிடித்துக் காட்டில் விட்டுவருவதை ஊரார் அறிவர். பாம்பை நேசிப்போர் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ள விழைவதில்லை.

"அப்படியானால் நான் என்னதான் செய்வது?" என்றான் பிள்ளை. நியாயமான கேள்வி. 1892-இல் தோன்றிய நம் மிருகக்காட்சிசாலை, செவ்வாய் நீங்கலாக, அருகிலேயே திறந்திருக்கிறது. 2010-இல் இலங்கையின் தெஹிவளையிலிருந்து அனகொண்டாக்கள் அங்கே வந்தன. விலங்குகளின் பராமரிப்புச் செலவை ஏற்றுத் தத்தெடுக்கும் திட்டமும் அங்கு உண்டு. நஞ்சுள்ள அந்த நான்கையும், அவற்றைப்போல் தோன்றும் நஞ்சற்றவற்றையும் பிரித்தறியக் கற்றுக்கொள் என்றோம். கட்டுவிரியன் என்று எண்ணி நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பை அடித்துக் கொல்வோர் பலர். வீட்டில் பாம்பு புகுந்தால் எட்ட நின்று, அறிந்தவரை அழைக்கவேண்டும். கடித்துவிட்டால் கீறவோ கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனை சேர்க்கவேண்டும். இதைத் தெரிந்த ஒரு பிள்ளை தெருவில் இருந்தால், ஓர் உயிராவது பிழைக்கும்.

அன்பர் வனத்துறைக்குச் செய்தி தெரிவித்தார். முன்பணம் திரும்பவில்லை. பிள்ளை அன்று நம்மிடம் விடைபெறும்போதும் பேசவில்லை. ஆனால் மறுவாரம் தந்தையோடு மிருகக்காட்சிசாலைக்குச் சென்று, பாம்புகள் உள்ள பகுதியிலேயே இரண்டு மணி நேரம் நின்றானாம். பாம்பின் மீதுள்ள ஆசை இன்னும் விட்டபாடில்லை என்று அன்பர் குறைப்பட்டுக்கொள்கிறார். விடவேண்டாம் என்பதே நம் கருத்து. தன் காலில் நின்று, தன் வீட்டில், முறைப்படி பதிவு செய்து, முப்பது ஆண்டுப் பொறுப்பையும் ஏற்கத் துணிவானாயின், அப்போது நாமே வாழ்த்துக் கூறுவோம்.