ஊசியைத் தாங்கும் கை

இசைத்தட்டுக் கருவிக்குப் புதிய கை வாங்க விரும்புவோர் முதலில் பார்ப்பது விலைப்பட்டியலை. நான் பார்க்கச் சொல்வது உங்கள் பாடநூலில் உள்ள திருப்புத்திறன் பாடத்தை.

எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் ஹெச்.எம்.வி. இசைத்தட்டாக வெளிவந்தது. தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை எத்தனையோ வீட்டுப் பரண்களில் அது இன்றும் இருக்கும். அதன் வரிப்பள்ளம் தலைமயிரின் தடிப்பளவுதான். அதில் ஊசி ஓட, அதைத் தாங்கும் கைக்கு இரண்டு வேலைகள். பாட்டுக்காக ஊசி அதிரும்போது கை அசையக்கூடாது. தட்டு மேடுபள்ளமாக இருந்தால் கை அதனுடன் ஏறி இறங்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான வேலைகள் அல்லவா?

நம் ஊர் வெயிலில் தட்டுகள் வளைவது சகஜம். நிமிடத்திற்கு 33⅓ சுற்று என்றால், ஒரு வளைவு விநாடிக்கு ஏறத்தாழ 0.55 முறை ஊசியைத் தூக்கும். சிறு நெளிவுகள் விநாடிக்குச் சில முறை தூக்கும். நம் காதுக்குக் கேட்கும் ஒலியோ 20 ஹெர்ட்சில் தொடங்குகிறது. கையும் ஊசியும் சேர்ந்து தாமே ஆடும் இயல்பு அதிர்வெண், இவ்விரண்டிற்கும் நடுவே 10 ஹெர்ட்சை ஒட்டி அமைவது நல்லது. இல்லையேல் ஒத்ததிர்வு ஏற்பட்டு ஊசி துள்ளும்.

அதைக் கணக்கிடலாம். ஒரு டைன் விசைக்கு ஊசி எவ்வளவு விலகுகிறது என்பது அதன் நெகிழ்வு. ஒரு செ.மீ.யின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொள்வார்கள். கையின் பயனுறு நிறையையும் ஊசித்தலையின் நிறையையும் கிராமில் கூட்டி, நெகிழ்வால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதனால் 159-ஐ வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். கை 19, தலை 6, நெகிழ்வு 25 என்றால் விடை 6.4 ஹெர்ட்ஸ். அறையில் ஒருவர் நடந்தாலே ஊசி குதிக்கக்கூடும். கை 10 கிராமானால் 8 ஹெர்ட்ஸ், பரவாயில்லை. ஆனால் கனமான கையே கெட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நெகிழ்வு 10 மட்டுமே உள்ள விறைப்பான ஊசிக்கு அதே 19 கிராம் கை ஏறத்தாழ 10 ஹெர்ட்சைத் தந்துவிடுகிறது!

பயனுறு நிறை என்பது தராசில் காணும் எடை அன்று. கிணற்றுத் துலாவின் அடியில் கல் கட்டியிருப்பதுபோல, இக்கையின் பின்னாலும் ஓர் எதிர்எடை உண்டு. முன்னே, அச்சிலிருந்து 23 செ.மீ. தூரத்தில் 20 கிராம் இருப்பதாகக் கொள்வோம். திருப்புத்திறன் 460. பின்னால் 10 செ.மீ.யில் 46 கிராம் வைத்தாலும், 4 செ.மீ.யில் 115 கிராம் வைத்தாலும் கை சமமாக நிற்கும். ஆனால் ஆட்டத்தைத் தடுக்கும் நிலைமம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதலாவதற்கு 4,600, இரண்டாவதற்கு 1,840 மட்டுமே. கனமான கல்லை அருகில் வைத்த கைதான் சுறுசுறுப்பானது! மாணவர்கள் பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். அடிக்குச்சியும் களிமண்ணும் கொண்டு செய்து பார்த்தபின் நம்புகிறார்கள்.

பணம் சேர்த்துவிட்டு யோசனை கேட்க வருவோரிடம் நான் முதலில் கேட்பது, "ஊசி மாற்றி எத்தனை நாளாயிற்று?" என்பதுதான். தேய்ந்த ஊசி உளிபோலப் பள்ளத்தைச் செதுக்கும். செதுக்கிய ஒலி எந்த விலையுயர்ந்த கையாலும் திரும்பாது. ஊசி புதிதாக, அழுத்தம் சரியாக இருந்தும் கை துள்ளினால் மட்டுமே கையை மாற்றலாம் என்பது என் கருத்து. பெட்டி வடிவ மலிவுக் கருவிகளில் அதற்கும் வழியில்லை. கையும் பெட்டியும் ஒன்றாகப் பிறந்தவை.

12 அங்குல நீளக் கைகளும் விற்கிறார்கள். வரிப்பள்ளத்தோடு ஊசி கொள்ளும் கோணப் பிழை அவற்றில் குறைவு, உண்மைதான். நீளம் கூடும்போது நிலைமம் என்னாகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.