பெயர் தெரியாத கோடுகளுக்கும் ஓர் இடம்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படம் ஒண்டு வந்தால் எல்லாரும் ஷெயார் பண்றம். எனக்குப் பிடிச்ச நட்சத்திரத்தைப் படத்தால விளங்கப்படுத்த ஏலாது. பெயரே ஐஆர்சி +10216. சிம்ம ராசிப் பக்கம், ஏறத்தாழ 400 ஒளியாண்டு தூரத்தில, காபன் நிறைஞ்ச ஒரு வயசான நட்சத்திரம். தன்ர வாயுவையும் தூசையும் ஊதித்தள்ளி அதுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. 1969 இல் அகச்சிவப்புக் கதிரிலதான் அது சிக்கினது.

அந்த வாயு உறைக்குள்ள 80க்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கு. எங்கட குசினி உப்பு, அதுதான் சோடியம் குளோரைட்டு, அதுவும் இருக்கு! மூலக்கூறு சுழலேக்க தனக்கே உரிய மீடிறன்களில வானொலி அலையை வெளிவிடும். அந்தக் கோடுகளை வச்சுத்தான் ஆள் ஆர் எண்டு பிடிக்கிறது.

பிடிபடாத கோடுகளை என்ன செய்யிறது? நான் சொல்ல வாறது இதைப் பற்றித்தான். யப்பானின் நோபெயாமா தொலைநோக்கியால இந்த நட்சத்திரத்தை அலசினவர்கள், 1995 இல் வெளியிட்ட பட்டியலில, என்னவெண்டே தெரியாத ஒரு கோட்டு வரிசையையும் சேர்த்தார்கள். கோடுகளுக்கு இடையிலான இடைவெளியைக் கணக்குப் போட்டு அதுக்கு வச்ச பெயர் பி1377. பெயர் எண்டும் சொல்லேலாது, வெறும் இலக்கம். 2000 இல் ஒரு கணிப்பு, இது ஆறு காபனும் ஒரு ஐதரசனும் உள்ள சங்கிலி மேலதிகமா ஒரு இலத்திரனைச் சுமக்கிறதாக இருக்கலாம் எண்டது. 2006 இல்தான் அமெரிக்காவில ஹாவர்ட்-ஸ்மித்சோனியன் ஆய்வுகூடத்தில, வாயுவுக்குள்ள மின்னைப் பாய்ச்சி அதே மூலக்கூறை உண்டாக்கி, மீடிறனை அளந்து பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தினது. விண்வெளியில கண்டுபிடிச்ச முதலாவது எதிர் ஏற்ற மூலக்கூறு அது.

1995 இல் "விளங்கேல்ல, விடுவம்" எண்டு அந்த வரிசையை வெட்டியிருந்தால், 2006 இல் பொருத்திப் பார்க்கிறதுக்கு எதுவுமே இருந்திராது. எங்கட பள்ளிக்கூட செய்முறைக் கொப்பியில தெரியாததை அப்படியே எழுதினால் சிவப்புப் பேனைதான் வரும். நானும் பக்கத்து மேசையைப் பார்த்து விடையைச் சரிப்படுத்தின ஆள்தான், அது வேற கதை.

இன்னொரு கோவமும் இருக்கு. தொலைநோக்கிக்குக் கிடைக்கிற கைதட்டலில கால்வாசியும் ஆய்வுகூடத்துக்குக் கிடைக்கிறேல்லை. வானத்தில கோடு தெரிஞ்சால் மட்டும் போதாது, அது ஆற்ற கோடு எண்டு பூமியில ஆரோ அளந்து வச்சிருக்க வேணும். தொலைநோக்கிகள் கூர்மையாகக் கூர்மையாக, பெயரில்லாத கோடுகளும் கூடிக்கொண்டுதான் போகுது. இந்த நட்சத்திரத்தின்ர பட்டியலில இண்டைக்கும் 'யூ' எண்டு குறிச்ச கோடுகள் காத்திருக்கு.